மதிப்பீட்டு அதிகாரியின் பெல்ட்

புதுமையை ஊக்குவிக்கும் அரசுத் திட்டத்தால் என்ன பலன் என்று மதிப்பிட அவர் தாராவிக்கு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பையில் நான்கு பேனா. எதையும் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே படிவத்தில் டிக் போட்டுவிடும் பழக்கம் அவருக்கு. இருபத்திரண்டு கேள்விகளில் பதினாறுக்கு வாசலில் நின்றபடியே டிக் போட்டார், நான் எண்ணினேன்.

பெல்ட் பட்டறைக்காரருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவன் என்பதால் நானும் அங்கே இருந்தேன். திட்டத்தில் கொடுத்த துளை போடும் மிஷின் அந்த அறையின் கரண்டுக்கு ஓடாது. பதினொரு மாதமாகப் பிளாஸ்டிக் உறையோடு நிற்கிறது. பட்டறைக்காரர் பழைய தையல் மிஷின் மோட்டாரை ஒரு தகர டப்பாவில் பொருத்தித் தானே ஒன்று செய்திருந்தார். ஒரே அழுத்தில் ஏழு துளை. அதைப்போல் இன்னும் நான்கு செய்யத்தான் உதவி கேட்டிருந்தார்.

“அந்த டப்பாவைக் கொஞ்சம் நகர்த்துங்கோ, போட்டோல விழறது,” என்றார் அதிகாரி.

“சார், வேலை பாக்கது அதுதான். உங்க மிஷின் சும்மால்லா நிக்கி!” என்றார் பட்டறைக்காரர்.

“திட்டம் குடுக்காததை, திட்டத்தோட பலன்னு நான் எப்படி எழுதறது?”

படமெடுத்து முடித்ததும் அதிகாரி தன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி நீட்டினார். “லூசா இருக்கு. ஒரு துளை போட்டுத் தாங்கோ.”

பட்டறைக்காரர் அதே டப்பாவில் வைத்து அழுத்தினார். “ஏழு கெடக்கு சார். இஷ்டத்துக்கு மெலிஞ்சுக்கிடுங்க.”

அடுத்த மாதம் கடிதம் வந்தது. ‘இப்பட்டறையில் புதுமை ஏதும் காணப்படவில்லை, உதவி மறுக்கப்படுகிறது.’ கீழே அவர் கையெழுத்து. அதைப் போடும்போது எத்தனையாவது துளையில் பெல்ட்டை மாட்டியிருந்தாரோ, அது ஒன்றுதான் என் கணக்கில் இல்லை.