எதிர்க்கடை என்று பேர் வந்த கதை

காய்ந்த எண்ணெயில் வெங்காயமும் ரம்பை இலையும் ஒன்றாக விழும் வாசனை எனக்கு இன்றைக்கும் பசியைக் கிளப்புவதில்லை, வயிற்றெரிச்சலைத்தான் கிளப்புகிறது. அப்புத்தளையில் பஸ் நிற்கும் இடத்தில், எங்கள் கடைக்கு நேர் எதிரே, ரோசலின் அக்கா வடைக்கடை வைத்திருந்தார். பஸ் வளைவில் ஹாரன் அடித்ததும் ஒரு பிடி வெங்காயத்தையும் இரண்டு துண்டு ரம்பையையும் எண்ணெயில் போட்டுவிடுவார். அந்த நேரத்தில் வடை வேகவேண்டும் என்றுகூட இல்லை, வாசனை பஸ் ஜன்னலுக்குள் போனால் போதும். மழைக்காலத்துப் பனிமூட்டத்தில் பக்கத்தில் நிற்கும் ஆளே தெரியாத ஊரில் மூக்கைப் பிடித்தால்தான் ஆளைப் பிடிக்கலாம் என்று அவருக்குப் புரிந்திருந்தது. பஸ்காரர்கள் அதற்கு 'வாசக்கடை' என்று பேர் வைத்தார்கள்.

எங்கள் கடைக்கும் ஒரு பேர் இருந்தது, அது எங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. தேயிலைத் தோட்டத்து வேலையையும் அங்கே குடியிருந்த லயத்துக் காம்பராவையும் விட்டுவிட்டுக் கடை போட்ட அப்பா, கையிலிருந்ததையெல்லாம் கொட்டி ஒரு பெரிய பலகை எழுதி மாட்டினார். இளநீலப் பலகையில் வெள்ளை எழுத்து. வெயிலில் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது, பனி இறங்கினால் பலகையும் பனியும் ஒன்றாகிவிடும். கடை ஓடாவிட்டால் அம்மா மறுபடி கொழுந்துக்கூடையை மாட்டிக்கொண்டு காலையில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நிற்கவேண்டும், அது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. "அவ வடையவிட நம்ம வடை பெருசுதானே, அங்க என்னத்துக்கு மொய்க்கிறாங்க?" என்று அம்மா அடுப்போடு பேசிக்கொண்டிருப்பார்.

எனக்கோ பொறாமை உடம்பெல்லாம் இருந்தது. பள்ளிக்கூடம் போகையில் அந்தக் கடையை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தாண்டுவேன். "பாப்பா, ஒன்னு தின்னுட்டுப் போயேன்" என்று ரோசலின் அக்கா சிரித்த முகமாகக் கூப்பிடும்போது வாயில் எச்சில் ஊறும், அதற்காகவே அவரை இன்னும் கொஞ்சம் வெறுத்தேன். நல்லவராக வேறு இருந்து தொலைத்தாரே என்று இருக்கும்.

ஒரு மழைக்காலத்தில் ஒருநாள் காற்று திசை மாறி, அவருடைய வாசனை முழுக்க எங்கள் பக்கம் அடித்தது. பனிக்குள் தட்டுத்தடுமாறி ஒரு லொறிக்காரர் எங்கள் கடைக்குள் நுழைந்து, "இதானே வாசக்கடை? நாலு வடை குடுங்கம்மா" என்றார். அப்பாவின் முகம் மலர்ந்து கை தட்டை எடுத்துவிட்டது. அம்மாவோ அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, "வாசம் அங்கிட்டிருந்து வருதுங்க. இது எதிர்க்கடை" என்றார். அந்த ஆள் ஒரு கணம் விழித்துவிட்டுப் பனிக்குள் திரும்பிப் போய்விட்டார்.

"வந்த ஆளையும் வெரட்டிட்டியே, கிறுக்கா ஒனக்கு?" என்று அப்பா கத்தினார்.

"அவ பேரச் சொல்லி என் வடைய விக்க வேணாம்" என்றார் அம்மா. அது நேர்மை என்று பிற்பாடு ஊர் சொன்னது, எனக்குத் தெரிந்து அது சுத்தமான பொறாமை.

மறுநாள் அதே லொறிக்காரர் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். "எதிர்க்கடையம்மா, மூணு பிளேன்டீ போடுங்க, வடையும் எடுங்க" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். கதை லொறிகளிலும் பஸ்களிலும் ஏறி எங்கெங்கோ போனது. கொஞ்ச நாளில் கண்டக்டர்களே "வாசக்கடை, எதிர்க்கடை, எறங்குறவங்க எறங்குங்க" என்று கூவ ஆரம்பித்தார்கள். அப்பா பலகையைக் கழற்றி, கறுப்பில் மஞ்சளாக 'எதிர்க்கடை' என்று மட்டும் எழுதி மாட்டினார். அம்மா பெரட்டுக்குப் போகவில்லை.

இப்போது நான் பதுளையில் மிளகாய்த்தூளும் மிக்சரும் பொட்டலம் போட்டு விற்கிறேன், வியாபாரம் பெரும்பாலும் போனில்தான். கைமுதல் அதிகமில்லாமல் தொழில் தொடங்குகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். என்ன பேர் வைக்கலாம், என்ன நிறத்தில் லேபல் அடிக்கலாம் என்று கேட்பவர்களிடம், முதலில் கொஞ்ச நாள் விற்றுப் பாருங்கள், வாங்குகிறவர்கள் உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள், பலகைக்குச் செலவழிப்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பேன். என் பொட்டலத்திலும் 'எதிர்க்கடை' என்றுதான் இருக்கிறது.

ரோசலின் அக்கா கண்மூடி நாளாகிவிட்டது. அவர் அடுப்பு இருந்த இடத்தில் இப்போது போன் கவர் விற்கிறார்கள். பஸ் அதே வளைவில் ஹாரன் அடிக்கிறது, பனியில் டீசல் நாற்றம் மட்டும் வருகிறது. ஆனால் பொட்டலத்தை வாங்கும் ஒவ்வொருவரும், "எதுக்கு எதிருங்க அக்கா?" என்று கேட்காமல் விடுவதில்லை. நானும் ஒவ்வொரு தடவையும் ரோசலின் அக்காவைப் பற்றி, அந்த வெங்காயத்தைப் பற்றி, ரம்பையைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது. கடையையும் மூடி, கண்ணையும் மூடிய பிறகும் என் செலவில் அவருக்குத்தான் விளம்பரம் நடக்கிறது.