என் கையெழுத்தில் ஒரு போத்தல்

காரில் செய்யும் எந்த வேலையையும் திகதியோடு டயறியில் எழுதி வைப்பவன் நான். மிச்சப்படும் ஒயிலைச் சின்னப் போத்தலில் ஊற்றிப் பெயர் ஒட்டுவேன்.

அன்று ஞாயிறு. வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் கீழே, பவர் ஸ்டியரிங் ஒயிலை நானே மாற்றினேன். பழையதைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டு, 'பவர்' என்று ஒட்டியிருந்த போத்தலில் இருந்ததை ஊற்றினேன். நிறம் வெளிறியிருந்தது. புதியது, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

இரண்டு கிழமையில் ஸ்டியரிங் இறுகி, ஒயில் ஒழுகியது. தெமட்டகொடை கராஜுக்குக் கொண்டுபோனேன். பத்து வருடமாக என் காரைப் பார்க்கும் முஸ்லிம் மெக்கானிக், நான் 'நானா' என்று கூப்பிடுபவர், ஒரு சொட்டைத் தொட்டு மணந்தார்.

"சேர், இது பிரேக் ஒயில். றப்பரெல்லாம் ஊதிட்டு. யார் ஊத்தின?"

"போன கிழமை நீங்கள்தானே கைவைச்சனீங்கள்?"

"நான் டயர் மட்டும்தானே மாத்தின. பொனட்டத் தொறக்கவே இல்ல."

'பவர்' போத்தலில் இருந்து ஸ்டியரிங் ஒயில் ஊற்றியதாக எழுதியிருந்த டயறியை, காத்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி வாசித்தேன். "நான் எழுதினது பிழைக்காது. கள்ள வேலை செய்துபோட்டுக் கதைக்காதேங்கோ."

இருவர் தங்கள் கார்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நானா பொனட்டை மூடினார்.

வீட்டுக்கு வந்து 'பிரேக்' என்று ஒட்டிய போத்தலைத் திறந்தேன். உள்ளே சிவப்பாக ஸ்டியரிங் ஒயில். பெயர்களை மாற்றி ஒட்டியது நான்தான்.

மறுநாள் போத்தலோடு போய் மன்னிப்புக் கேட்டேன். நானா அதில் ஒட்டியிருந்த தாளைத் தடவிப் பார்த்தார்.

"நல்ல அழகான எழுத்து, சேர். இத நேத்துப் போன ரெண்டு பேருக்கும் காட்ட ஏலுமா?"

அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. கராஜுக்குப் போன நேரத்தைக்கூடக் குறித்திருந்த என் டயறியில் அவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.