நீல மருந்தும் சிவப்பு வெளிச்சமும்

என் தம்பி குரங்கணிப் பக்கம் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆளும் லோடும் ஏற்றுகிற ஜீப் டிரைவர். மலைமேல் டாக்டர் கிடையாது. அதனால் தோட்டத்துக்காரர்களுக்கு இவன்தான் மருந்துக்கடை. போடியில் ஆன்டிபயாடிக் வாங்கி ஜீப்பிலேயே வைத்திருப்பான். காய்ச்சலா, இரண்டு மாத்திரை. பல்வலியா, அதே இரண்டு மாத்திரை. வலி நின்றதும் மிச்சம் அடுத்த ஆளுக்கு. தனக்கும் அதே வைத்தியம்தான். திட்டினால், "ரெண்டே மாத்திரையில கேட்டுருதுக்கா" என்பான்.

போன மழைக்காலத்தில் அவன் வலது பாதத்தில் அட்டைப்பூச்சி கடித்தது. சொறிந்து புண்ணாக்கினான். ஏற்கெனவே சர்க்கரை உள்ள உடம்பு. மாத்திரையை விழுங்கிக்கொண்டு வண்டி ஓட்டினான். புண் பெருவிரலுக்குக் கீழே பரவி நாற ஆரம்பித்தது. எனக்கு வந்த கோபத்தில் ஜீப்பில் இருந்த மாத்திரைகளை எல்லாம் அள்ளிக் குப்பையில் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் சீழை எடுத்துச் சோதித்தார்கள். எந்த மாத்திரைக்கும் இந்தக் கிருமி சாகாது, ஊசியிலும் ஒன்றிரண்டுதான் மிச்சம், இன்னும் பரவினால் பாதத்தில் பாதியை எடுக்க வேண்டும் என்றார்கள். பிரேக்கும் ஆக்சிலேட்டரும் வலது காலில்தான். அவனுக்கு வேறு தொழில் தெரியாது. "வண்டி ஓட்டாம நான் என்ன சோலி பாக்கக்கா?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அங்கிருந்த நர்ஸ் சொல்லித்தான் மதுரையில் வெளிச்ச வைத்தியம் செய்கிற டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். எலும்புக்குள் இன்னும் போகவில்லை, மேலே இருக்கிற கிருமிக்குத்தான் இது, ஊசியையும் நிறுத்தக் கூடாது என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். புண்ணில் நீல மருந்தைத் தடவி, ஊறவிட்டு, அதன்மேல் சிவப்பு விளக்கைக் காட்டினார்கள். மருந்து வெளிச்சத்தை வாங்கிக் கிருமியைக் கொல்லுமாம். மாத்திரைக்கு அசராத கிருமியும் இதற்குச் சாகுமாம்.

"டார்ச் அடிச்சாப் புண்ணு ஆறுமாக்கா?" என்று தம்பி சிரித்தான். நான் நம்பினேன். ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்குகிறவள் நான். வெளிச்சம் பட்டால் காயின் பச்சை போய்விடும் என்றுதான் சாக்குக்குள் கறுப்புத் தாள் வைத்துக் கட்டுகிறோம். பச்சையைத் தின்கிற வெளிச்சம் கிருமியைத் தின்னாதா? டாக்டரம்மாவிடம் சொன்னேன். "அது வேற, இது வேறம்மா" என்றார். இருக்கட்டும், எனக்கு அது போதுமாக இருந்தது.

வாராவாரம் ரயிலில் போய் வந்தோம். சொட்டு நீலத்தில் முக்கியெடுத்தது போலிருந்த காலை எதிர் சீட்டுக்காரர்கள் உற்றுப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். முதலில் நாற்றம் நின்றது. பிறகு ஓரத்திலிருந்து புதுச் சதை வளர்ந்தது. கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் தம்பி கண்ணை மூடிக்கொள்வான். நான்தான் பார்த்துச் சொல்வேன்.

பொங்கல் கழிந்து மதுரைக்குப் போனபோது டாக்டரம்மா கட்டுப் போடவில்லை. உள்ளங்கையை அவன் பாதத்துக்கு எதிரே வைத்து, "என் கையை நல்லா மிதிங்க" என்றார். இவன் கூசிப்போய்க் காலை இழுத்துக்கொண்டான். "டாக்டர் கைய எப்பிடிக்கா மிதிக்கிறது?"

"மிதிடா!" என்று அதட்டினேன்.

மிதித்தான். அவர் கை பின்னால் போனது. இன்னொரு கையையும் முட்டுக் கொடுத்தார், அதுவும் போனது. "போதும், போதும். வண்டி ஓட்டலாம்" என்றார். அதுவரை ஒரு பொட்டுக் கண்ணீர் விடாத நான், எல்லாரும் பார்க்க, தம்பியின் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன்.