பாரம் இல்லாத ரோபோ

மதுரங்குளியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டுதான் நான் ரோபோக்களைச் சண்டை பிடிக்க வைக்கிறேன். கொழும்பிலுள்ள அனிமேஷன் நிறுவனமொன்று காட்சிகளை அனுப்பும். அவற்றைக் கணினியில் அசையவைத்துத் திருப்பி அனுப்புவேன். போன வருடம் வந்தது பன்னிரண்டு விநாடிச் சண்டை. பத்து மாடி உயரமுள்ள இரண்டு ரோபோக்கள் துறைமுகத்தில் மோத வேண்டும்.

குத்து, உதை, குட்டிக்கரணம், தீப்பொறி என்று எல்லாவற்றையும் கொட்டினேன். இயக்குநர் மூன்று தடவை திருப்பி அனுப்பினார். மூன்று தடவையும் ஒரே குறைதான்: "பாரம் இல்லை."

தம்பி பாண் துண்டொன்றைக் கடித்தபடி, அக்காவின் வேலையைப் பின்னால் நின்று பார்த்தான். அவன் உப்பளங்களில் பெக்கோ இயந்திரம் ஓட்டுபவன். மண் வெட்டுவதும் வரம்பு கட்டுவதும் அவன் வேலை.

"ராத்தா, இதென்ன றால் மாதிரித் துள்ளுது? இரும்புதானே?"

"ஓம், ஐந்நூறு தொன் இரும்பு."

"என்ட பெக்கோ இருவது தொன். அதுவே சொன்ன உடன திரும்பாது."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் மறுநாள் காலை அவன் போன் எடுத்து, "லொறியொண்டு சேத்துல புதைஞ்சிட்டு. ரெண்டு பெக்கோ வச்சு எடுக்கப் போறம், வந்து பாரு" என்றதும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போய்விட்டேன்.

மண் ஏற்றிய லொறி வரம்பிலிருந்து சரிந்து, அச்சு வரைக்கும் இறங்கியிருந்தது. மற்ற பெக்கோ பின்னால் நின்று தள்ள, தம்பி முன்னால் கம்பி வடம் கட்டி இழுத்தான். இயந்திரங்கள் இரைந்தன. ஒன்றும் அசையவில்லை. வடம் மட்டும் விறைத்தது. பாத்திகளில் தேங்கி நின்ற தண்ணீர் வரிவரியாக நடுங்கியது. தம்பியின் பெக்கோதான் ஒரு சாண் கீழே இறங்கியது. எதுவுமே நடக்காத அந்த நேரத்தில் என் நெஞ்சு அடித்த அடி எனக்கே கேட்டது.

லொறி மெல்ல நகர்ந்தது. அதே கணத்தில் வரம்பு உடைந்து, தம்பியின் பெக்கோ இடப்பக்கம் சாய்ந்தது. பக்கத்தில் நின்றவர்கள் ஓடினார்கள்.

"குதிடா! குதி!" என்று கத்தினேன்.

கண்ணாடிக்குள் அவன் முகம் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். குதிக்கவில்லை. பெக்கோவின் கையைச் சுழற்றி, வாளியைச் சேற்றில் ஊன்றினான். இயந்திரம் தன் கையிலேயே சாய்ந்து நின்றது. கை நின்ற பிறகும் உடம்பு இரண்டு மூன்று தரம் ஆடித்தான் அடங்கியது.

லொறி மேலே வந்ததும் இறங்கி ஓடி வந்தான். "வீடியோ எடுத்தியா?"

"இல்ல." போன் பைக்குள்ளேயே கிடந்தது.

"மனுசன் சாகப் பாத்தன், நீ சும்மாவா நிண்ட!" என்று சிரித்தான்.

வீட்டுக்கு வந்து குட்டிக்கரணங்கள் அத்தனையையும் அழித்தேன். பன்னிரண்டு விநாடிக்கு ஒரேயொரு குத்து போதும். அதற்கு முன் காலடியில் கொங்கிறீட் வெடிக்கும், கட்டியிருக்கும் படகுகள் ஆடும். தோள் திரும்பிய பிறகுதான் கை கிளம்பும். நடுவில் ஒரு விநாடி, உள்ளே இருந்து ரோபோவை ஓட்டும் பெண்ணின் முகம். குத்து வாங்கும் அவளுடைய ரோபோ சரிந்து, கடலுக்குள் கையை ஊன்றி நிற்கும்.

இயக்குநர் ஒரே சொல்லில் பதில் போட்டார்: "இதுதான்." கடல் ஏன் இவ்வளவு சேறாக இருக்கிறது என்று பிறகு கேட்டார். அதை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.

உம்மாவுக்கு ரோபோவென்றால் பிடிக்காது. அன்று கையில் அகப்பையோடு நின்றபடியே முடிந்த காட்சியைப் பார்த்தார். ரோபோ சரிந்தபோது கதிரையை எட்டிப் பிடித்தார்.

"உள்ளுக்கு இரிக்கிற புள்ளைக்கு ஒண்டும் ஆகல்லயே?"

"இல்ல உம்மா."

"அப்ப இன்னொருக்காப் போடு" என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.