யாரும் தொடாத கித்தார்

போன வருடம் மழைக்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது இது. எங்கள் தீவிலிருக்கும் ஜார்ஜ் டவுனில், தமிழர் கடைகள் நிறைந்த லிட்டில் இந்தியாவை ஒட்டிய சந்து ஒன்றில் பழைய கடைவீட்டைக் காப்பிக்கடையாக மாற்றியிருந்தார்கள். அங்கே ஞாயிறுதோறும் நம்மவர் ஒருவர் ஆங்கிலத்தில், அமெரிக்க நாட்டுப்புறப் பாணியான கண்ட்ரி பாட்டு பாடுவார். துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நான் அவருடைய பரம ரசிகன்.

பழைய பாணிக் கண்ட்ரி. அகலத் தொப்பி, ஒரு கித்தார், அவ்வளவுதான். ஆர்ப்பாட்டமே கிடையாது. பெண்டாட்டி விட்டுப் போன சோகத்தைக்கூட, மழை வருமா என்று பக்கத்து வீட்டுக்காரரை விசாரிக்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போவார். திடீரென்று ஓரிடத்தில் குரல் உடைந்து மேலே ஏறும். அந்த ஓரிடத்துக்காகவே, அக்கரையிலுள்ள மாக் மண்டின் தொழிற்சாலையில் வாரம் முழுக்க இயந்திரங்களோடு மல்லுக்கட்டிவிட்டுக் கடல் பாலம் தாண்டித் தீவுக்கு வருவேன். என் மனைவிக்கு இதெல்லாம் மாட்டுக்காரன் பாட்டு. கேக் சாப்பிடத்தான் கூட வருவாள்.

மேடையில் அவர் பக்கத்தில் எப்போதும் இன்னொரு கித்தார் தாங்கியில் நிற்கும். காலமெல்லாம் கூட வாசித்து, இறந்துபோன கூட்டாளியுடையது. யாரையும் தொட விடமாட்டார். ஆனால் பாடத் தொடங்கும் முன் அதற்கும் சுருதி சேர்ப்பார். அவர் பாடும்போது அதன் கம்பிகள் தானாக லேசாய் முனகும். முதல் தடவை கேட்டபோது எனக்கு முதுகு சில்லிட்டது. ஒரு சத்தத்துக்கு இன்னொரு கம்பி அதிர்வது சகஜம்தான் என்று பிறகு மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அன்று காலையிலிருந்தே அடைமழை. விளக்கு போட்டும் கடை இருட்டாகவே இருந்தது. நான் கேட்டிருந்த பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார். மனைவி பின்கட்டிலிருந்த கழிவறைக்குப் போயிருந்தாள். குரல் உடையும் இடத்துக்காக நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தபோது, அவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

பாட்டு நின்றது. பக்கத்துக் கித்தார் நிற்கவில்லை.

முனகிக்கொண்டே இருந்தது. அவர் சேர்த்த சுருதியே இல்லை அது. ஒரு தாழ்ந்த ஒலி. யாரோ சொல்வதைக் கேட்கிற முகத்தோடு அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாரும் வெளிய போங்க,” என்றார். “இவன் இப்படி வாசிக்கிற ஆளு இல்ல.”

“மழை கொட்டுது அண்ணே. பாட்ட முடிச்சிட்டுப் போலாம்லா,” என்று ஒருவர் சிரித்தார். பாடகர் சிரிக்கவில்லை. நாற்காலிகளைத் தள்ளிவிட்டு, ஆடு மாடு ஓட்டுகிற மாதிரி எங்களை ஓட்டினார். தெருவில் நனைந்தபடி ஆளாளுக்கு முணுமுணுத்தபோதுதான், மனைவி வரவில்லை என்பது எனக்கு உறைத்தது.

உள்ளே ஓடினேன். எனக்கு முன்பே அவர் போய்க் கழிவறைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். “வாங்க தங்கச்சி, அப்படியே வாங்க.” அவள் ஈரக்கையோடு திட்டிக்கொண்டே வந்தாள். ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்து வந்தோம். மேடையைத் தாண்டும்போது அந்த முனகல் இன்னும் உரத்திருந்தது. அவர் ஒரு கணம் நின்று அந்தக் கித்தாரை எடுக்கக் கை நீட்டினார். பிறகு கையை இழுத்துக்கொண்டு என் மனைவியை வாசல் பக்கம் தள்ளினார்.

நாங்கள் தெருவில் கால் வைத்ததும் பக்கச் சுவர் கடைக்குள் சரிந்தது. அடுத்த வீட்டை மாதக்கணக்காகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். மழையில் சுவர் ஊறிப்போயிருந்தது. மேடை இருந்த இடத்தில் இப்போது செங்கல் குவியல்தான். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மழையில் நின்றார். பக்கத்தில் போக எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

எனக்குக் காரணம் தெரியும். இயந்திரம் உடைவதற்கு முன்னால் நடுங்கும். கையை வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவோம். சுவரின் நடுக்கம் நம் காதுக்கு எட்டுமுன் கம்பிக்கு எட்டியிருக்கிறது. இதை மனைவியிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

“சரிலா. அப்ப நான் யாருக்கு நன்றி சொல்றது? செவுத்துக்கா?”

அவர் இப்போது வேறொரு கடையில் தனியாகப் பாடுகிறார். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும், எல்லோரும் கைதட்டி ஓய்ந்த பிறகு, என் மனைவி அவர் பக்கத்திலிருக்கும் வெறும் இடத்தைப் பார்த்து இன்னொரு முறை தட்டுகிறாள். காரணம் தெரிந்தவன்தான் நான். ஆனாலும் அவளோடு சேர்ந்து தட்டாமல் இருக்க இன்றுவரை எனக்குத் துணிவு வரவில்லை.