கட்டில் நாடாவில் கேட்ட சத்தம்

1. கிர்

அந்தச் சத்தம் கேட்டபோது தாசையன் அண்ணன் நாற்காலியில் மல்லாந்து கிடந்தார். முகம் முழுக்கச் சோப்பு நுரை. தாடையை மேலே தூக்கி, தொண்டையை என் பொறுப்பில் விட்டுவிட்டுக் கண்ணை மூடியிருந்தார். சுவர்க் கொக்கியில் மாட்டிய துணி நாடாவை இடது கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு அவருடைய கத்தியை நான் தீட்டிக்கொண்டிருந்தேன். போகும்போது சர், வரும்போது சர். நடுவில் திடீரென்று ஒரு 'கிர்'.

வெளியே மேம்பாலத்துக்குக் கீழே குவாரி லாரிகள் வரிசையாகச் சிக்கி நின்று ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன. சத்தம் நாடாவிலிருந்து வந்ததா, ரோட்டிலிருந்து வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. கத்தியை நாடாவிலிருந்து எடுத்துவிட்டேன்.

மார்த்தாண்டத்தில் சலூன் வைத்திருக்கிறேன். அதற்கு முன்பு மஸ்கட்டில் ஒரு பெரிய சலூனில் ஷேவிங் மட்டுமே செய்துகொண்டிருந்தேன். இத்தனை வருடத் தொழிலுக்குப் பிறகும் நான் பயந்தவன்தான். வீட்டில் கோழி அறுக்கும் நாளில் பின்கட்டுப் பக்கம் போகமாட்டேன். உங்களுக்கு யார் கத்தி எடுத்துக் கொடுத்தது என்று என் மனைவி இன்றைக்கும் கேலி செய்வாள். கடைக்கு வருகிறவர்களுக்கு இது தெரியாது. தெரிந்தால் கழுத்தைக் காட்டுவார்களா?

2. துணி தேடிய கதை

இப்போது தொழிலுக்கு வரும் தம்பிகள் மடக்குக் கத்தியை யூடியூப்பில் பார்த்துவிட்டு ஆசையோடு வருகிறார்கள். தோல் வார் இருக்கும்போது துணி எதற்கு என்று கேட்கிறார்கள். நான் சொல்லும் பதில் இதுதான். துணி கத்தியைத் துடைக்கும். கண்ணுக்குத் தெரியாத ஈரம், காய்ந்த சோப்பு, துருவின் தொடக்கம் எல்லாம் துணியில்தான் போகும். அதன் பிறகு தோல் வாரில் இழுத்தால் முனை நேராகும். நேரே தோலுக்குப் போனால் அழுக்கைத் தோலில் தேய்த்து வைக்கிறோம், அடுத்த முறை அதே அழுக்கு கத்திக்கு வரும்.

எந்தத் துணி என்பதில் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. தேங்காப்பட்டணத்திலிருந்து வரும் ஒரு மீன்காரர் படகை மூடும் கித்தானில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். நல்ல கனம்தான், ஆனால் முரடு. எத்தனை முறை அலசினாலும் உப்பு விடவில்லை, கத்தி ஒரே வாரத்தில் புள்ளி விழுந்தது. பிறகு பழைய ஜீன்ஸ் கால். அது இழுக்க இழுக்க நீளும். நீண்டால் நடுவில் தொய்யும், தொய்ந்த துணியில் தீட்டினால் முனை உருண்டுபோகும். உருண்ட முனை மயிரை வெட்டாது, பிடித்து இழுக்கும். அப்போது நம் கை தானாக அழுத்தும். காயம் வருவது அந்த அழுத்தத்தில்தான்.

கடைசியில் எனக்கு அமைந்தது கட்டில் நாடா. சந்தையில் சுருளாக விற்பார்களே, கட்டிலில் பின்னுகிற அகலமான பருத்தி நாடா, அதுதான். வாங்கியதும் வெந்நீரில் போட்டுக் கஞ்சியை எடுக்க வேண்டும். காய்ந்த பிறகு இஸ்திரி போட்டு, இரண்டாக மடித்துத் தைத்து, ஒரு முனையில் வளையம் வைத்துக்கொண்டால் போதும். தீட்டும்போது கத்தியின் முதுகு முன்னால் போக வேண்டும், வெட்டுகிற வாய் பின்னால் வர வேண்டும். திருப்புவது எப்போதும் முதுகின் மேல்தான். நாடாவை விறைப்பாகப் பிடியுங்கள், கத்தியை அழுத்தாதீர்கள்.

கட்டில் நாடாவுக்கு ஒரே ஒரு குறை. நெசவு கொஞ்சம் விலகி இருப்பதால் தூசி உள்ளே போய் உட்காரும். எங்கள் ரோட்டில் பறப்பது வெறும் தூசி இல்லை, கல்லை உடைத்த பொடி. கேரளாவுக்குப் போகிற லாரிகளிலிருந்து சிந்தி, பஸ் போகும்போது எழும்பி, கண்ணாடி, சீப்பு, டீ கிளாஸ் எல்லாவற்றிலும் படியும். அதனால் காலையில் கடை திறந்ததும் நாடாவை உதறி, மேலிருந்து கீழே உள்ளங்கையால் தடவிப் பார்ப்பேன். 'கிர்' கேட்ட அன்றைக்கும் தடவித்தான் பார்த்தேன். லாரிகள் வந்து சிக்கியது அதற்குப் பிறகு.

3. ஷீலாவின் போன்

தாசையன் அண்ணன் அரசு பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் செய்து இருதயத்தில் வால்வு வைத்திருக்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க வாழ்நாள் முழுக்க மாத்திரை. பென்சில் சீவும்போது விரலில் கீறினால்கூட ரத்தம் நிற்காது. ஆபரேஷனுக்குப் பிறகு விரல்களில் ஒரு நடுக்கமும் சேர்ந்துகொண்டது. இதோடு ஒரு நாள் வீட்டுக் குளியலறையில் உறவுக்காரர் ஒருவர் பஹ்ரைனிலிருந்து வாங்கி வந்து கொடுத்த மடக்குக் கத்தியால் தானே ஷேவ் செய்யப் போய், தாடைக்குக் கீழே வெட்டு விழுந்து, இரண்டு துண்டு நனைந்து, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

அடுத்த சனிக்கிழமை அதே கத்தியைப் பெட்டியோடு என் கடையில் கொண்டுவந்து வைத்தார். இனி இங்கேதான் என்றார். மிஷின் போடலாமே என்றேன். மூஞ்சியில வண்டு ஓடுதது மாதிரி இருக்கும் வேய், ஆம்பளைக்கு அது சரிப்படாது என்று சிரித்தார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

அன்று சாயங்காலமே அவருடைய மகள் ஷீலா போன் செய்தாள். திருவனந்தபுரத்தில் நர்ஸாக இருக்கிறாள்.

"அண்ணா, அப்பா சொன்னா கேக்கமாட்டாரு. டிரிம்மர் வாங்கிக் குடுத்தேன், பெட்டியவே பிரிக்கல்ல. நீங்க செய்யல்லன்னா அவரு வீட்டுல தனியா இருந்து செய்வாரு. உங்க கையிலன்னா எனக்குப் பயம் இல்ல."

செய்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அவளுக்குப் பயம் இல்லை. அந்தப் பயம் முழுவதும் எனக்கு வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமை இரவு சோறு இறங்காது. சனிக்கிழமை அவர் செருப்புச் சத்தம் படியில் கேட்டால் துடைத்த கத்தியையே மறுபடி துடைப்பேன். அவர் வந்து சாய்ந்து கண்ணை மூடுவார். நான் ஒன்றும் இல்லாதவன் மாதிரி ஊர்க்கதை பேசிக்கொண்டே கத்தியை வைப்பேன். முடித்துத் துண்டால் துடைத்த பிறகுதான் மூச்சே விடுவேன். பல மாதம் இப்படிப் போனது. ஒரு கீறல் விழவில்லை. ஆனால் பயம் குறையவும் இல்லை.

4. குழாய்

'கிர்' கேட்ட அன்று அவருக்குச் சர்ச்சில் ஒரு கல்யாணம். சட்டை வேட்டி எல்லாம் கஞ்சி போட்டது. பெஞ்சில் இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஹார்ன் சத்தமாகத்தான் இருக்கும், போடா, ஆரம்பி என்று ஒரு மனம் சொன்னது. கை நகரவில்லை.

பெருவிரல் நகத்தை நனைத்து, கத்தியின் வாயை அதன் மேல் எடையே இல்லாமல் இழுத்தேன். நல்ல கத்தி நகத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். அடிப்பக்கத்திலிருந்து பாதி தூரம் சரியாகப் போனது. அங்கே ஒரு இடத்தில் தட்டியது. மறுபடி இழுத்தேன். அதே இடத்தில் தட்டியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நாடாவைத் தடவினேன், விரலில் ஒரு மணல் உறுத்தியது. அந்த வாயை அவர் தொண்டையில் வைத்திருந்தால் என்று நினைத்ததும் கத்தியை மேசையில் வைத்துவிட்டேன்.

"அண்ணே, இண்ணைக்குக் கத்தி வேண்டாம். மிஷின்ல எடுக்குதேன்" என்றேன்.

அவர் கண்ணைத் திறந்தார். "என்ன வேய், பேடிச்சுப் போனீரா?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கத்தியில் பழுது விழுந்துவிட்டது, நாடாவில் மணல் ஏறியிருக்கிறது, வேறு கத்தியையும் இதில்தான் தீட்ட வேண்டும் என்று விளக்கினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றுமே இல்லையே என்று சொல்லி என்னிடமே நீட்டினார். கல்யாணத்துக்கு நேரமாகிறது, ஆரம்பியும் என்றார். நான் மாட்டேன் என்றேன். அவர் முகம் மாறியது. எழுந்து உட்கார்ந்து நுரையை அவரே துண்டால் துடைத்தார்.

"எனக்க கத்திய இஞ்ச தாரும். நான் வீட்டுல பெயிட்டு செய்துக்கிடுதேன்."

கை நீட்டினார். அவருடைய பொருள், கொடுக்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நீட்டிய விரல்கள் நடுங்குவதைப் பார்த்தேன். அந்த விரல்கள், அந்தக் குளியலறை, இந்தக் கத்தி. உங்க கையிலன்னா எனக்குப் பயம் இல்ல என்ற ஷீலாவின் குரல் காதில் கேட்டது. அதற்குப் பிறகு நான் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். பக்கத்தில் வாஷ்பேசின் இருந்தது. கத்தியின் வாயைக் குழாயின் இரும்பில் ஓங்கி அடித்தேன். ஒருமுறை இல்லை, வாய் முழுக்க நொறுங்கும் வரை அடித்தேன்.

அவர் கத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு காதுக்குப் பின்னால் நுரை ஒட்டியிருக்க இறங்கிப் போய்விட்டார். பெஞ்சில் இருந்த இருவரும் அவர் பின்னாலேயே நழுவினார்கள். நான் அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். 

5. தாடி

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கு அடுத்ததும் வரவில்லை. புதுக் கத்தி வாங்கியிருப்பாரோ என்பதே என் நினைப்பாக இருந்தது. ஒரு நாள் போனில் ஷீலா பெயர் வந்தபோது எடுக்கவே தைரியம் இல்லை. இரண்டாவது முறை அடித்தபோது எடுத்தேன்.

"அப்பா தாடி வளக்காரு அண்ணா. அங்க என்ன ஆச்சு?"

தாடி என்ற சொல் எனக்கு அவ்வளவு இனிமையாக என்றும் இருந்ததில்லை. நடந்ததைச் சொன்னேன். அவள் செரி அண்ணா என்று வைத்துவிட்டாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை படியில் அந்தச் செருப்புச் சத்தம் கேட்டது. வெள்ளைத் தாடியோடு தாசையன் அண்ணன் உள்ளே வந்து பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். சாயவில்லை.

"மிஷின எடும் வேய்" என்றார்.

எடுத்தேன். ஒரு கன்னம் முடியும் வரை அவர் எதிரே இருந்த கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணைக்கு நான் கத்திய கொண்டு பெயிருந்தாலும் செய்திருக்க மாட்டேன்."

ஏன் என்று கேட்டேன்.

"வீட்டுல ரத்தம் நிக்காம போச்சே, அதுல இருந்து அந்தக் கத்திய கண்டாலே எனக்குப் பயமாக்கும். இஞ்ச கிடந்து கண்ண மூடுதது சொகத்துல இல்ல வேய்."

பின்னே எதற்கு வாராவாரம் வந்தீர்கள் என்றேன்.

"பயம்ணு மகளுக்க கிட்ட சொல்ல முடியுமா? உம்மகிட்டதான் சொல்ல முடியுமா? நீரு கதை பேசிக்கிட்டு அவ்வளவு தைரியமால்லா செய்யுதீரு."

மிஷினை அணைத்து மேசையில் வைத்தேன்.  நான் வெள்ளிக்கிழமை இரவுகளில் சோறு இறங்காமல் கிடந்ததை அவரிடம் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு ஒரு பக்கம் தாடியும் ஒரு பக்கம் வெறும் கன்னமுமாக இருந்து சிரிக்க ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கண்ணில் நீர்தான் வந்தது.

தம்பிகளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இப்போது நான் காரின் சீட் பெல்ட் துணியில் தீட்டுகிறேன். நெசவு நெருக்கம், தூசி ஏறாது. வேலை முடிந்ததும் அதைத் தலையணை உறைக்குள் போட்டுக் கட்டிவிடுவேன். எந்தத் துணியாக இருந்தாலும் தீட்டும்போது காதை அதில் வையுங்கள். சத்தம் மாறினால் நிறுத்துங்கள், வாடிக்கையாளர் சிரித்தாலும் நிறுத்துங்கள். உங்களுக்குப் பயமாக இருந்தால் அவர் கண்ணை மூடுவதற்கு முன்பே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். அவரும் அதற்காகக் காத்துக்கொண்டிருக்கலாம்.

நொறுங்கிய கத்தி என் மேசை டிராயரில் பெட்டியோடு இருக்கிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் தாசையன் அண்ணன் வருகிறார், மிஷின் ஓடுகிறது. அவர் கத்தியைக் கேட்டதில்லை, நானும் எடுத்துக் கொடுத்ததில்லை.