திதி தெரியாத அண்ணாவுக்கு ஒரு நாள்

அறுபதுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து உருத்திரபுரக் குடியேற்றத்தில் காணி பெற்று நாங்கள் வயல் செய்துகொண்டிருந்த காலம். அம்மா காலமாகிவிட்டதால் வீட்டில் ஐயாவும் நானும் மட்டும்தான். நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை.

மலாயாவுக்கு வேலைக்குப் போன என் ஒரே அண்ணாவை இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஜப்பான்காரர் சயாம் காட்டுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே காய்ச்சலில் செத்துப்போனான் என்று, கூட இருந்து தப்பி வந்த ஒருவர் சொன்னார். எந்த மாதம், எந்த நாள் என்று அவருக்கே தெரியவில்லை. நாள் தெரியாவிட்டால் திதி இல்லை. திதி இல்லாமல் திவசம் எப்படிச் செய்வது? அமாவாசையில் செய்யலாம் என்று ஐயர் சொல்லிப் பார்த்தார். ஐயா மசியவில்லை.

"அவன்ரை விதியை எழுதினவனுக்கு நாளும் தெரியும். தெரியவரேக்கை செய்வம்" என்பார்.

எனக்கோ பிறவியிலேயே பொறுமை கிடையாது. ஊரில் யார் வீட்டுத் திவசச் சோற்றுக்கும் போகமாட்டேன். என் அண்ணாவுக்கு ஒரு பிடி சோறு படைக்க நாதியில்லையே என்று ஐயாவோடு மல்லுக்கட்டுவேன்.

அந்த நேரத்தில் கூடப் படிப்பித்த ஆசிரியை ஒருவர், யுத்த நாவல் ஒன்றின் தமிழ் மொழிபெயர்ப்பைத் தந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் வயலுக்கு மத்தியானச் சோறு கொண்டுபோகும்போது, வாய்க்கால் வரம்பில் குந்தியிருந்து அதை ஐயாவுக்கு வாசித்துக் காட்டுவேன். "உந்தச் சண்டைக்காரருக்குச் சாவைத் தவிர வேறை கதை இல்லையோ?" என்று அலுத்துக்கொள்வார். மறுநாள் விட்ட இடத்தைச் சரியாகக் கேட்பார்.

ஓரிடத்தில் படைவீரன் ஒருவன் தன் தோழனைப் புதைக்கிறான். பதுங்குகுழியில் கிடந்து நாட்கணக்கே தவறிப்போனவன், இன்றுதான் தோழன் செத்த நாள் என்று தானே முடிவு செய்கிறான். நான் புத்தகத்தை மூடிவைத்தேன். அதன் முன்னுரையில் இருத்தலியம் என்ற மேல்நாட்டுத் தத்துவத்தைப் பற்றி எழுதியிருந்தார்கள். எனக்கு விளங்கிய மட்டில் அதைச் சொன்னேன்.

"ஐயா, விதியெண்டு ஒருத்தரும் முன்னமே எழுதி வைக்கேல்லையாம். ஒரு சாவுக்கு அர்த்தம் தானா வராதாம், மனுசர்தான் குடுக்கவேணுமாம். அண்ணாவுக்கும் நாங்களே ஒரு நாளைத் தெரிஞ்செடுப்பம்."

சாப்பிட்ட கையைக் கழுவாமலே ஐயா கேட்டார்:

"விதி இல்லையெண்டால், அவனைக் கப்பலேத்தினது ஆர், பிள்ளை?"

போகமாட்டேன் என்று அண்ணா அழுததும், ஐயா பிடிவாதமாக அனுப்பிவைத்ததும், வளர்ந்த பிறகு பெரியம்மா சொல்லித்தான் அறிந்திருந்தேன். அண்ணா கப்பலேறும்போது நான் சின்னப்பிள்ளை. விதி என்று சொல்லிச் சொல்லியே ஐயா அத்தனை வருடமும் உயிரோடு இருந்திருக்கிறார் என்பது அந்தக் கேள்வியில்தான் விளங்கியது.

கடைசியில் அவரே சொன்னார்: "ஆவணித் தேய்பிறைப் பஞ்சமி. நான் அவனைப் போ எண்டு சொன்ன நாள். அதிலை செய்வம்."

அந்த வருடமே செய்தோம். ஐயா சாகும்வரை ஒரு ஆவணியும் தவறவில்லை. ஆனால் அதன் பிறகு விதி என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்கவேயில்லை. அண்ணாவின் சாவுக்கு அர்த்தம் கொடுக்கலாம் என்று வாயால் சொன்னவள் நான், தானே அனுப்பியதென்ற பாரத்தைக் கடைசிவரை சுமந்தவர் ஐயா.